கொழுந்துத் தராசில் ஏறிய நாய்

நாய்க்கும் பூனைக்கும் மயக்க ஊசியைப் பாதுகாப்பாகப் போடுவது எப்படி என்று, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அது என்னைவிடப் புதுசு, கோபப்படாது, நடுவில் டீ கேட்காது. அதில் இல்லாததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்டுவிட்டு மறந்தாலும் பாதகமில்லை, ஏதாவது ஒரு நாய் உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த மலைக்குள்ளேயே ஓடிவிட்டது. குன்னூரில் தொடங்கி, ஊட்டியில் கொஞ்ச காலம் குளிரில் நடுங்கி, கடைசி வருடங்களைப் பந்தலூர்ப் பக்கம் கழித்தேன். மேலே இருப்பவர்களிடம் வாயைக் கொடுத்தால் பஸ் பந்தலூருக்குத்தான் போகும் என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

குன்னூரில் எனக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். சிடுமூஞ்சி. காலையில் வணக்கம் சொன்னால் "எதுக்கு?" என்று கேட்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்தான். "மருந்து சிரிஞ்சுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் நீ டாக்டர். உள்ள போயிட்டா நீயும் வேடிக்கை பார்க்கிறவதான்." இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. டீ கொண்டு வருபவரிடம்கூடச் சொல்வார். அதனால் அது ஞானம் என்று எனக்கு நீண்ட நாள் தெரியாமல் போயிற்று.

அந்தக் குன்னூர்க் காலத்துப் பூனை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் பூனை. பல்லில் சீழ். கீட்டமின் போட்டால் பூனை கண்ணை மூடாது, திறந்தபடியே மயங்கிக் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தவர், "ஏனுங்க, கண்ணு நட்டுக்கிச்சுங்களே" என்றார். யாரும் திரும்பாததால், நடந்தது நடந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டி, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயங்காலம் பூனை குடிகாரனைப் போலத் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அதற்கு மாலை வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் துக்கத்துக்கு இட்லி கொடுத்து அனுப்பியிருந்தாராம். பூனை மாலையை மோந்து பார்த்துவிட்டு இட்லிப் பாத்திரத்தின் பக்கம் போனதாகக் கேள்வி. அன்றிலிருந்து நான் ஊசி போடும் முன்னாலேயே சொல்லிவிடுவேன். கண் திறந்தே இருக்கும், காயாமல் இருக்க மருந்து தடவுவேன், அதற்குள் மாலைக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று. நாம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பூனை காட்டியது. நமக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பந்தலூரில்தான் பார்த்தேன்.

எஸ்டேட்டின் பேர் வேண்டாம். மழைக்காலம், முற்பகல். எஸ்டேட் மேனேஜர் போன் செய்தார். ஒரு நாய் சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது, கம்பியோடு இழுத்துக்கொண்டு மடுவத்துக்குள் வந்து கிடக்கிறது, யாரையும் கிட்டே விடவில்லை, கொழுந்து நிறுக்க முடியவில்லை. இந்த நாலில் அவருக்குப் பெரிய கவலை எது என்பதைக் குரலே சொல்லிற்று.

மடுவம் என்றால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைந்த எஸ்டேட் அது. அவர்களுக்கு இன்னும் அது மடுவம்தான், வரிசை வீடு லயம்தான், மேனேஜர் தொரைதான். நம் தொரைக்கு வயது முப்பதுகூட இருக்காது. கோயம்புத்தூர்ப் பையன், பெரிய ஜெர்க்கின் போட்டுக்கொண்டு அப்படியும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

நாய் மூலையில் கிடந்தது. செம்பட்டை நிறம், நல்ல எலும்பு. இடுப்பைச் சுற்றி மெல்லிய கம்பி தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பன்றிக்கு வைத்த சுருக்காம். வைத்தவர் யார் என்று கேட்டதற்கு எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். நாய்க்குக் கொஞ்சம் தள்ளி, தலையில் கம்பளியோடு ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ராமாயி. கொழுந்து எடுப்பவர். நாய் அவருடையது. அவரையும் கிட்டே விடவில்லை.

"பேர் என்ன?"

"கண்டிங்க, டாக்டரம்மா."

"நாய்க்கா?"

"நான் பொறந்த ஊருங்க. சின்னப் புள்ளையில கப்பலேறுனது, இனி எங்க போறது? கூப்பிட்டா அதாச்சும் வரட்டுமேன்னு இதுக்கு வச்சேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பையைத் திறந்தேன். ராமாயி அடுத்துச் சொன்னதுதான் விஷயம். அவருடைய லயம் எஸ்டேட்டின் கோடியில் இருக்கிறது. விடிந்தும் விடியாத மூடுபனியில் அங்கிருந்து மலைக்கு ஏறி வர வேண்டும். அந்தப் பாதையில் யானை நிற்கும். நின்றால் தெரியாது, பாறை என்று நினைத்து அருகிலேயே போய்விடலாம். போனவர்களும் உண்டு.

"இது முன்னால போகும். இது நின்னா நான் நிப்பேன், இது நடந்தா நான் நடப்பேன். இது இல்லாட்டி நான் லயத்த விட்டு வெளிய எறங்குறதுக்கு இல்லீங்க."

கூட வர வீட்டில் வேறு ஆளும் இல்லை. அதாவது நான் மயக்கப்போவது ஒரு நாயை மட்டும் அல்ல. ஒரு மனுஷி வேலைக்குப் போய் உயிரோடு திரும்புவதையும் சேர்த்துத்தான்.

கடிக்கிற நாய்க்கு நரம்பு ஊசி நடக்காது. முதலில் தூங்கவைக்கச் சைலசின் தொடையில், தூக்கம் வந்த பிறகு கீட்டமின். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை நீங்களும் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். வயிறு காலியா? எடை எவ்வளவு?

"காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"பச்சத் தண்ணி படலீங்க" என்றார் ராமாயி. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை தலைகள் ஒரே மாதிரி ஆடும்போது சந்தேகப்பட வேண்டும்.

எடைக்குத் தராசு தலைக்கு மேலேயே தொங்கிற்று. டிஜிட்டல் தராசு ஒன்று வந்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டதாம். பழைய முள் தராசுதான், தட்டு அளவு பெரிய முகம். நான்கு பெண்கள் நாயின்மேல் கம்பளியைப் போட்டு, கொழுந்து எடுக்கும்போது தங்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் உருட்டி, கொழுந்து மூட்டையைப் போலவே கொக்கியில் மாட்டினார்கள். நாய் உள்ளிருந்து கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்தது. நான் கம்பளிக்கு மேலாக அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பல் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளைப் பார்த்தவர் கணக்கப்பிள்ளை. அன்னூர்ப் பக்கத்துக்காரர், தினமும் அந்த எஸ்டேட்டின் கொழுந்தை நிறுத்து எடை கூப்பிடுபவர். கணீரென்று கூப்பிட்டார்.

"பதினஞ்சுங்க!"

பதினைந்து கிலோவுக்கு மருந்தை எடுத்தேன். படங்கின் வழியாகவே தொடையில் போட்டேன். சிரிஞ்ச் காலியானது, நான் வேடிக்கை பார்க்கிறவள் ஆனேன்.

சற்று நேரத்தில் நாய் வாயைச் சப்புக் கொட்டியது. சைலசின் அப்படித்தான், உள்ளே இருப்பதை வெளியே கேட்கும். சட்டென்று கம்பளியை விலக்கித் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்தேன். கண்டி வாந்தி எடுத்தது. ஒரு முழு ரொட்டி, கருவாட்டுக் குழம்போடு.

ராமாயி தரையைப் பார்த்தார். "சாகப் போறதுன்னு நெனச்சேனுங்க. நெறஞ்ச வயித்தோட போகட்டும்னு குடுத்தேன். வெறும் வயித்துல இருந்தாத்தான் டாக்டரம்மா ஊசி போடுவாங்கன்னு இவளுக சொன்னாளுக. அதான்…"

திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கிய பிறகு அந்த ரொட்டி மேலே வந்திருந்தால் நேரே மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கும். ஆனால் சாகிற ஜீவனுக்குச் சோறு போட்டவரை எந்த வாயால் திட்டுவது? கேள்வியை நான் கேட்டவிதம் அப்படி. பதில் இன்னதாக இருந்தால்தான் வைத்தியம் என்று என் முகமே சொல்லிக்கொடுத்திருக்கும்.

கால் மணி நேரம் போயிற்று. நாயின் தலை தொங்கியது, கண் பாதி சொருகியது. சரி என்று கம்பியில் கை வைத்தேன். வெடுக்கென்று திரும்பிக் கையுறையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. ஊசி வேலை செய்யாவிட்டால் சுற்றி நிற்கிற எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள்.

"இன்னொரு ஊசி போட்டிருங்களேன் டாக்டர்" என்றார் தொரை. "பேக்டரிக்குக் கொழுந்து போகணும்."

"ஆமாங்க, அது நல்லா முழிச்சுட்டுத்தானுங்களே இருக்குது" என்றார் கணக்கப்பிள்ளை.

"எங்க மாமனுக்கு ஆஸ்பத்திரில ரெண்டு போட்டாங்க" என்றாள் ஒருத்தி. மாமன் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் கை துறுதுறுத்தது, மறைப்பானேன்? மழை அடிக்கிறது, நாய் ரத்தம் சொட்டுகிறது, இருபது பேர் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டாவது ஊசி போடுவதுதான் உலகத்திலேயே சுலபமான காரியம். பார்ப்பவர்களுக்கும் டாக்டர் ஏதோ செய்கிறார் என்று திருப்தி. சும்மா நின்று யோசித்தால் வேலை தெரியாதவள் என்று அர்த்தம்.

முதலில் எல்லோரையும் கொட்டகைக்கு வெளியே போகச் சொன்னேன். பயந்த நாய், சத்தம் கேட்டால் மருந்தோடு மல்லுக்கட்டும். ராமாயி மட்டும் இருந்தார். நாயின் கண்ணை ஒரு துணியால் மூடினேன். காத்திருந்தேன். கொஞ்சம் அடங்கியது, ஆனால் தொட்டால் மறுபடி சீறல்.

மருந்து வேலை செய்யாததற்கு அந்த இடத்தில் இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. ஒன்று, நாய் அதிர்ச்சியில் இருக்கிறது, ரத்த ஓட்டம் மந்தம், தொடையில் போட்டது இன்னும் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் இரண்டாவது ஊசி கொலை. கூடலூர் பஸ் வரவே வராமல் இருந்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரும் பாருங்கள், அந்த மாதிரி இரண்டும் சேர்ந்து வந்து நாயை அமுக்கிவிடும். இரண்டாவது காரணம், போட்டதே குறைவு. அப்படியானால் இன்னும் கொஞ்சம் போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி அதைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியம் மட்டும் நேர் எதிர்.

உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நல்ல ரோஸ் நிறம். அழுத்தி விட்டதும் நிறம் உடனே திரும்பியது. தொடையின் உள்பக்கம் நாடி திடமாக அடித்தது. இது அதிர்ச்சியில் இருக்கிற நாய் இல்லை, கோபத்தில் இருக்கிற நாய். அப்படியென்றால் மருந்து குறைவு. ஏன் குறைவு? கணக்கு சரி, மருந்து புதுசு. அப்போதுதான் நாயை முழுசாகப் பார்த்தேன். அந்த மார்பும் அந்தக் காலும் பதினைந்து கிலோ நாயினுடையவை அல்ல.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கூடவே தொரையும் வந்தார், அவர் பின்னாலேயே வெளியே போன எல்லோரும் வந்துவிட்டார்கள். படங்கை மறுபடி கொக்கியில் மாட்டச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் நாய் முனகிக்கொண்டே ஏறியது.

"எவ்வளவு?"

"பதினஞ்சுதானுங்க."

நானே எட்டிப் பார்த்தேன். முள் பத்தொன்பதைத் தாண்டி நின்றது.

"கணக்கப்பிள்ளை, முள்ளு எங்கே நிக்குது, நீங்க என்ன சொல்றீங்க?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கழிவு போகத்தானுங்க பதினஞ்சு."

"என்ன கழிவு?"

"சாக்குக்கு ஒண்ணுங்க, மழை ஈரத்துக்கு ரெண்டுங்க. அப்பறம் காம்பு, முத்தல் எலைக்கு…"

"நாய்க்குக் காம்பு ஏதுய்யா?"

அவர் நாயைப் பார்த்தார். யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, "வாலத்தான் கழிச்சிருப்பாரு" என்றாள். மடுவமே சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர், கணக்கப்பிள்ளை, தொரை, ராமாயி. நாயையும் சேர்த்தால் நாலு.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. வருடக்கணக்காக அந்தக் கொக்கியில் எது தொங்கினாலும் முள்ளைப் பார்த்து, மனதுக்குள் கழித்து, மிச்சத்தைக் கூப்பிட்டிருக்கிறார். கண் ஒரு எண்ணைப் பார்க்கும், வாய் வேறு எண்ணைச் சொல்லும். இடையில் நடப்பது அவருக்கே தெரியாது. அவர் பெண்டாட்டியைத் தூக்கி மாட்டினாலும் காம்புக்குக் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பெண்களுக்கும் அது தெரியும். பதினஞ்சு என்று கூப்பிட்டபோது யாருக்கும் விசேஷமாகத் தோன்றவில்லை. குறைத்துச் சொல்வதுதான் அங்கே எடை, அந்த எடைக்குத்தான் கூலி.

"இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் டாக்டர்" என்றார் தொரை. நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நான் நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வார்த்தை வந்ததும் சிரிப்பு நின்றுபோய், பெண்கள் எல்லோரும் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு அதற்கு நேரமில்லை. விட்டுப்போன கிலோக்களுக்கு உரியதை மட்டும் அளந்து போட்டேன். முழு ஊசி இல்லை, மிச்சம் மட்டும். கொஞ்ச நேரத்தில் கண்டி கம்பளிக்குள் கரைந்தது. கீட்டமின் போட்டேன். பேக்டரியிலிருந்து கட்டிங் பிளேயர் வந்தது. ராமாயியின் கையை எடுத்து நாயின் நெஞ்சில் வைத்து, "மூச்சு விடும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லுங்க, நிறுத்தக் கூடாது" என்றேன்.

"விடுதுங்க… விடுதுங்க…"

கம்பி சதைக்குள் புதைந்திருந்தது. ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் தேடி, ஈரத்தில் விரல் வழுக்க, அந்த "விடுதுங்க"வைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். கடைசித் துண்டை உருவும்போது சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். ராமாயி வாயைத் திறந்தபடி இருந்தார். அவர் கைக்குக் கீழே நெஞ்சு அசையவில்லை.

கீட்டமின் போட்ட பிராணி சில சமயம் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது என்று புத்தகம் சொல்லாது. எனக்குப் பயமாக இருந்தது. அனுபவம் வந்தால் பயம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயந்துகொண்டே கையை வேலை செய்யவைக்கத்தான் அனுபவம். கழுத்தை நீட்டினேன். நாக்கை வெளியே இழுத்தேன், தொண்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்து எடுத்தேன். விலாவை அழுத்தி விட்டேன், மறுபடி அழுத்தி விட்டேன். கண்டி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது, எஸ்டேட் நிர்வாகத்தின்மேல் அதற்கும் ஏதோ குறை இருப்பதுபோல.

"விடுதுங்க!" என்று ராமாயி கத்தியது பேக்டரிவரை கேட்டிருக்கும்.

தையல் போட்டு முடித்தேன். கூட்டம் கலைய ஆரம்பித்தது. இங்கேதான் நம்மில் பலர் கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறோம். நமக்கு வேலை முடிந்துவிட்டது, நாய்க்கு இன்னும் முடியவில்லை. இந்த மலையில் மயக்க மருந்து கொல்லாததைக் குளிர் கொன்றுவிடும். நனைந்த நாய், சிமெண்டுத் தரை, பனி. காதைத் தொட்டால் ஐஸ்.

கம்பளி வேண்டும் என்றேன். அந்தப் பெண்களுக்கு அதுதான் குடை, அதுதான் போர்வை. மழையில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், ஒவ்வொருத்தியாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். தொரை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஜெர்க்கினைக் கழற்றி அவரும் போட்டார். அவர் நல்ல பையன்தான், வழக்கம்தான் மோசம். ஒருவர் பிராந்தி பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து நாயின் வயிற்றோடு அணைத்தார். பிடுங்கி, துணியைச் சுற்றி, தள்ளி வைத்தேன். மயங்கிய நாய் சுட்டாலும் நகராது. காலையில் பார்த்தால் தோல் வெந்திருக்கும்.

ராமாயி ஒரு கிளாஸில் வெறும் தேத்தண்ணியோடு வந்தார். நாய்க்கு.

"தொண்டையில ரெண்டு சொட்டு ஊத்துறேங்க. நடுங்குதுல்ல."

"ஒரு சொட்டு உள்ள போனாலும் நுரையீரலுக்குப் போயிடும். அதுவா எழுந்து, அதுவா நடந்து, அதுவா கேக்கிற வரைக்கும் ஒண்ணும் கூடாது. அந்தத் தேத்தண்ணிய நீங்க குடிங்க."

"எனக்கு எறங்காதுங்க."

கடைசியில் நான்தான் குடித்தேன். நன்றாக இருந்தது.

சாயங்காலம் கண்டி எழுந்தது. எழுந்தது என்றால், ஊளையிட்டது, காலால் காற்றில் சைக்கிள் ஓட்டியது, தன் வாலைப் பார்த்து உறுமியது. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். அது ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறது, வழியில் கொஞ்சம் உளறும், தொடாமல் இருட்டில் விடுங்கள் என்றேன். பிறகு ராமாயி மெல்ல, "கண்டி" என்று கூப்பிட்டார். தலை திரும்பியது. அவர் கம்பளிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் பையைக் கட்டுவதுபோல நின்றேன், எனக்கும் கண் கலங்கியிருந்தது.

போகிற வழியெல்லாம் அந்த இரண்டு பதில்களையும்தான் யோசித்தேன். வயிறு காலி, எடை பதினைந்து. இரண்டும் மேலே இருப்பவர்களுக்குச் சொல்லிப் பழகிய பதில்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஜீப்பில் வந்து இறங்குகிற நாமும் அவர்களுக்கு ஒரு தொரைதான். நமக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எதைச் சொல்லிப் பழக்கமோ அதைச் சொல்வார்கள். ஊட்டியில் காரில் வந்து இறங்குகிற லாப்ரடார்க்காரர்களும் அப்படித்தான். குண்டு நாயின் எடையைக் கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு அஞ்சு கிலோ குறைத்துச் சொல்வார்கள். அதனால் நான் அப்புறம் "சாப்பிட்டுச்சா?" என்று கேட்பதில்லை. "கடைசியா என்ன கொடுத்தீங்க, மீன் குழம்பா, பாலா?" என்று கேட்பேன். உண்மை தானாக வரும். எடையை யாரையும் கேட்பதே இல்லை.

தையல் பிரிக்கப் போனேன். அன்றும் தூறல், கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். கண்டி பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, ஆனால் ராமாயிக்கு முன்னால்தான் நடந்து வந்தது. காலையில் பாதையில் ஓர் இடத்தில் நின்றுவிட்டதாம், இவரும் நின்றாராம். பனி விலகியபோது முன்னால் பாறை ஒன்று காதை ஆட்டியதாம்.

மருந்து தருவதற்காக நாயை மறுபடி நிறுக்கச் சொன்னேன். இந்தத் தடவை அது கடிக்கவில்லை, படங்கில் மகாராஜாவைப் போல உட்கார்ந்துகொண்டது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பத்தொம்பதரைங்க" என்றார். பிறகு தானாகவே, "கழிக்கலீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாயை இறக்கினார்கள். கொக்கி ஆடி நிற்பதற்குள் ராமாயி தன் கொழுந்து மூட்டையைத் தூக்கி அதிலேயே மாட்டினார்.

"அதே முள்ளுதானுங்களே கணக்கப்புள்ள. இதுக்கும் அப்பிடியே சொல்லுங்க."

தொரை வாசலில் நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் சிக்னல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக இரண்டடி முன்னால் வந்து தராசின் முகம் தெரிகிற இடத்தில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"சாக்குக்கு மட்டும் அரை கழிச்சுக்கறேனுங்க" என்றார் கடைசியில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

"கழிச்சுக்கங்க" என்றார் ராமாயி. "சாக்கு சாக்குதானே."

கணக்கப்பிள்ளை எடையைக் கூப்பிட்டார். நான் நாய்க்குத் தையல் பிரிப்பதற்காகக் கத்தரிக்கோலை எடுத்தவள், அதை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து முள்ளைப் பார்த்தேன். சாக்குக்கு அரை போக, சரியாக இருந்தது.